விடியற்காலையில் வாய் பிளக்கும் மீன் ஏன் தூண்டிலைத் தொடுவதில்லை?

சேலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஏரியில் சித்திரை பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே போய்த் தூண்டில் போடுகிறீர்கள். கோடையில் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம், அதனால் மீன் நன்றாகக் கடிக்கும் என்று வீடியோக்களில் பார்த்திருக்கிறீர்கள். போய்ப் பார்த்தால் மீன் கண்ணெதிரே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது; இரையை மூக்குக்கு நேராகப் போட்டாலும் சீந்துவதில்லை. தப்பித் தவறி மாட்டிய ஒன்றிரண்டைத் திரும்ப விட்டால் மல்லாந்துவிடுகிறது. ஏற்காட்டுக்கோ மேட்டூருக்கோ போனால் இந்தத் தொல்லை இருக்காதா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது தூண்டில் கேள்வி. எனக்கு இது ஒரு ஏரி ராத்திரி முழுக்க எப்படி மூச்சு விடுகிறது என்ற கேள்வியாகத்தான் படுகிறது. மீன்வளம் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்துப் பண்ணைக் குட்டைகளிலும் ஏரிகளிலும் தண்ணீர் சோதித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அவர் ஊர்த் தண்ணீருக்குச் சரி. குளிர்ந்த மலையோடை, கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர், அதில் டிரவுட் மீன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடையில் ஆற்று நீர் தொடர்ந்து சில நாட்கள் 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணிக்கு மேல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது என்று தடை போடுவார்கள். அங்கே பிற்பகல்தான் மீனுக்குக் கண்டம், விடியல் பாதுகாப்பு. நம் சேலத்து ஏரியில் இது அப்படியே தலைகீழ். இங்கே விடியற்காலைதான் பஞ்சம்.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் 20 டிகிரியில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரை, 35 டிகிரியில் ஏழுக்குக் கொஞ்சம் கீழே. நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு லிட்டருக்கு இதைப்போல முப்பது மடங்குக்கும் மேல் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் மீன் பிழைப்பு எவ்வளவு இழுபறியானது என்று புரியும். இதில் இன்னொரு சங்கடம்: மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி சூடானால் அதன் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறைகிற அதே நேரத்தில் செலவு கூடுகிறது.

ஆனாலும் சூடு மட்டும் கட்லாவையோ ரோகுவையோ கொன்றுவிடாது. அவை கங்கைச் சமவெளி மீன்கள், 30 டிகிரி அவற்றுக்குச் சொந்த ஊர் மாதிரி. ஏழு மில்லிகிராம் முழுசாக இருந்தால் சுகமாக இருக்கும். நான்கு, ஐந்து இருந்தால்கூடச் சமாளித்துவிடும். மூன்றுக்குக் கீழே போகும்போதுதான் தீனியை நிறுத்தி மேலே வரத் தொடங்கும். அப்படியானால் ஏழு எப்படி ஒரு மில்லிகிராமுக்கு இறங்குகிறது? அதற்குக் காரணம் தண்ணீரில் இருக்கும் பச்சை.

நம் ஊர் ஏரிகள் கோடையில் சுருங்கிப்போகும். மாட்டுச் சாணம், வயல் உரம், பல இடங்களில் ஊர்ச் சாக்கடை எல்லாம் கொஞ்சத் தண்ணீரில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி கூழ் மாதிரிப் பெருகும். பகலில் வெயில் இருக்கிறவரை இந்தப் பாசி ஆக்சிஜனை வாரி வழங்கும். சாயங்காலம் மூன்று நான்கு மணிக்கு அப்படிப்பட்ட குட்டையில் மேல்தண்ணீரை அளந்தால் 12, 15 என்றுகூடக் காட்டும்; தண்ணீரின் கொள்ளளவுக்கு மேலேயே இருக்கும். பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. பாசியும் மூச்சுவிடும் உயிர்தான். அதுவும், அடிச்சேற்றில் அழுகலைத் தின்னும் பாக்டீரியாவும், மீனும் சேர்ந்து ராத்திரி முழுக்கச் சேமிப்பைத் தின்று தீர்க்கின்றன. பச்சை எவ்வளவு கெட்டியோ, பகல் வரவும் அவ்வளவு அதிகம், இரவுச் செலவும் அவ்வளவு அதிகம். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் கல்லாவில் காசே இருக்காது. நீங்கள் தூண்டிலோடு போய் நிற்பது சரியாக அந்த நேரத்தில்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு நாள் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஓமலூர்ப் பக்கம் ஒருவர் அரை ஏக்கர் குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார். மே மாதம். இரண்டு நாளாக வானம் மூட்டம் போட்டு, மழை இதோ வருகிறேன் என்று பூச்சி காட்டிவிட்டு வராமல், புழுக்கம் மட்டும் மிச்சமாக இருந்தது. சாயங்காலம் போய் ஆக்சிஜன் மீட்டரை விட்டுப் பார்த்தேன், 6 காட்டியது. "பயப்படாதீங்க, தீனி வழக்கம்போலப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நாலரை மணிக்குப் போன்: "சார், மீனெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டுக் கரையோரம் வந்து நிக்குதுங்க." போய்ச் சேரும்போது ஐந்தேகால். அவசரத்தில் எடுத்த மீட்டரில் பேட்டரி செத்திருந்தது. நல்லவேளை, ரசாயனம் கலந்து ஆக்சிஜனைக் கண்டுபிடிக்கும் பழைய வின்க்லர் முறைப் புட்டிகள் வண்டியில் கிடந்தன. குமிழி வராமல் புட்டியை நிரப்பி, முதலில் மாங்கனீசு சல்பேட், அப்புறம் காரம் கலந்த அயோடைடு கரைசல், மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே கடுங்காப்பி நிறத்தில் வண்டல் திரளும். அன்றைக்குத் திரண்டது மோர் மாதிரி வெள்ளை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டாவது புட்டியும் போட்டுப் பார்த்தேன், அதுவும் வெள்ளை. ஆக்சிஜனே இல்லை என்று அர்த்தம்; அதற்கு மேல் டைட்ரேஷன் செய்து, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அளவு பார்க்க ஒன்றுமில்லை. மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பலகை மேல் விழவைத்துத் தெறிக்கவிட்டதில் பாதி பிழைத்தது. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட கட்லா ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூட்டத்தில் பாசி வேலை செய்யாது, சாயங்கால 6 என்பது ராத்திரிக்குப் போதாது, அதன் மேல் தீனியும் போட்டால் செரிமானத்துக்கே மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். இதெல்லாம் பரீட்சையில் எழுதியவன்தான் நான். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் மீன் ஏன் இரையைத் தொடவில்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. தின்றால் செரிக்க வேண்டும், செரிக்க ஆக்சிஜன் வேண்டும். மூச்சு முட்டும்போது சாப்பாடு ஒரு சுமை. வாயைத் திறந்து மூடுவது பசியால் இல்லை. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தோல் மாதிரியான அந்த மெல்லிய நீரடுக்கில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதைச் செவுள் வழியாக இழுக்கிறது. மண்புழுவோ மைதா உருண்டையோ எதைக் கட்டினாலும் அது கண்ணில் படாது.

உங்கள் ஏரி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். கரையோரம் இறங்கி, கையை நீட்டித் தண்ணீருக்குள் மெல்ல விடுங்கள், உள்ளங்கையை மடக்கி மேல்நோக்கி வைத்துக்கொண்டு. முழங்கை நனைகிறவரை உள்ளங்கை தெரிந்தால் பரவாயில்லை. பாதிக் கையிலேயே பச்சைக்குள் மறைந்துபோனால் அந்த ஏரியில் கோடை விடியலில் தூண்டில் போடுவது வீண். இது பண்ணைக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனை. சேறு கலங்கிப் பழுப்பாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, பச்சைக்கு மட்டும்தான்.

சரி, எப்போது போவது? பச்சை ஏரி என்றால் சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டுகிறவரை என் முதல் தேர்வு. அன்றைய ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும், வெயிலும் தணியும், மீன் ஓரத்துக்கு வரும். காலைதான் தோது என்றால் எட்டரைக்கு மேல் போங்கள், பாசி இரண்டு மணி நேரமாவது வெயில் குடிக்கட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அலை மோதுகிற கரையில் உட்காருங்கள். மேல்தண்ணீர் அங்கேதான் ஒதுங்கும், அலையில் காற்றும் கலக்கும். வரத்து வாய்க்காலில் கொஞ்சமேனும் நல்ல தண்ணீர் வந்தால் அந்த வாய் இன்னும் மேல். தக்கையை ஏற்றிக் கட்டாமல் இறக்கிக் கட்டி, முள் தரையில் படாமல் அரை ஆள் ஆழத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். அடிச்சேற்றுக்குப் பக்கத்தில் பகலிலேயே ஆக்சிஜன் குறைவு. மிர்கால் அடியில் மேயும் மீன்தான், ஆனால் கோடையில் அதுவும் மேலே ஏறிவிடும். நேரம், கரை பற்றிச் சொன்ன இதெல்லாம் அனுபவக் கணக்கு, ஆக்சிஜன் அளவு மாதிரி அடித்துச் சொல்ல மாட்டேன். அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடிக்கும் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, பின்பற்றுவதும் இல்லை.

இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்படாத மீன் விரால். அது தண்ணீரை நம்பி வாழ்வதில்லை. மேலே வந்து நேராகக் காற்றை விழுங்கும். வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் நல்ல தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பனையேறிக் கெண்டையும் தேளியும் அதே சாதி. அதனால் மற்ற மீன் எல்லாம் முடங்கிக் கிடக்கிற வேளையில், ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் மூலையில், பாசி விலகிய ஒரு தட்டளவு இடைவெளியில் விரால் 'பொளக்' என்று காற்று வாங்கிப் போகும். அந்த இடைவெளியில் தவளையை விடத் தெரிந்தவனுக்குக் கத்திரி வெயிலும் நல்ல காலம்தான். ஜிலேபிக் கெண்டை காற்று விழுங்காது, ஆனால் மேலடுக்கு நீரை உறிஞ்சியே மற்றவை சாகும் அளவிலும் தாக்குப்பிடிக்கும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் இன்றைக்கு எந்த ஏரியில் வலை போட்டாலும் முதலில் ஏறுவதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம். உங்கள் ஏரியில் ஜிலேபி தவிர வேறெதுவும் கடிக்கவில்லை என்றால் அதுவே தண்ணீரைப் பற்றிய ஒரு தகவல்.

இப்போது ஏற்காடு. மேலே குளிர்ச்சி, அதனால் ஆக்சிஜன் அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறையும். 22 டிகிரித் தண்ணீர் கடற்கரையில் கிட்டத்தட்ட 8.7 பிடிக்கும் என்றால் சேர்வராயன் மலை மேல் 7.3 அளவுதான். கீழே சேலத்தில் 30 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் ஏறக்குறைய அதேதான்! கேட்கிறவர்கள் நம்பவே மாட்டார்கள். இருந்தாலும் மலை மேல் மீன் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வித்தியாசம் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. 22 டிகிரியில் மீனுக்கும் குறைவாகப் போதும், சேற்று பாக்டீரியாவும் மெதுவாகத் தின்னும், அதனால் விடியலில் கையிருப்பு மிஞ்சும். ஏற்காட்டில் படகு விடும் ஏரியில் தூண்டில் போட விடுவார்களா என்பது வேறு விஷயம், அங்கேயே கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மேட்டூர் இந்த இரண்டிலும் சேராது. அது 1934-இல் கட்டி முடித்த அணை, நிறைந்தால் 120 அடி. அந்த ஆழத்தில் காற்று அடியை எட்டாது. கோடையில் மேலே சூடான தண்ணீர், கீழே கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் என்று எண்ணெயும் தண்ணீரும் மாதிரி அடுக்காகிவிடும். "ரெண்டு டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவா" என்று கேட்கலாம். தண்ணீரின் கனம் சூட்டோடு ஒரே சீராகக் குறைவதில்லை. 9 டிகிரியிலிருந்து 10-க்குப் போகும்போது குறைவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் 29-லிருந்து 30-க்குப் போகும்போது குறைகிறது. அதனால் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று டிகிரியே அடுக்குப் பிரிக்கப் போதும். கீழடுக்குக்கு வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது. விழுகிற அழுகல் எல்லாம் அங்கேதான். ஆக, ஆழமான இடத்தில் ஈயத்தைக் கட்டி அடியில் இறக்கினால் மீன் இல்லாத ஊரில் கடை போட்ட மாதிரி. மேல் அடுக்கில், பாறை ஓரங்களில், காவிரி வந்து சேரும் பக்கம் பாருங்கள். மேட்டூரில் விடியற்காலைத் தூண்டில் சேலத்து ஏரி அளவுக்கு மோசம் இல்லை. மேலடுக்கு பெரியது, அலை ஓயாது, ஒரு ராத்திரியில் அதைத் தின்று தீர்த்துவிட முடியாது. அங்கும் சரி, ஊர் ஏரியிலும் சரி, மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடமோ மீன்வளத் துறையிடமோ அனுமதி கேட்காமல் போகாதீர்கள். குத்தகைக்காரர் கத்தினால் அவர் பக்கம்தான் நியாயம்.

கோடை மழை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். நல்ல இடி மழை பெய்த மறுநாள் மீன் துள்ளும் என்று ஓடாதீர்கள். குளிர்ந்த மழைத்தண்ணீர் கீழே இறங்கி அடித்தண்ணீரை மேலே புரட்டும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கரையிலிருந்து கழுவிக்கொண்டு வரும் குப்பையும் சேரும். சாயங்காலம் பெய்து, அடுத்த நாளும் மூட்டமாக இருந்தால் ஏரி முழுக்க மீன் மிதப்பதை அந்த வாரம் செய்தித்தாளில் படிப்பீர்கள். உடனே "எவனோ மருந்து கலந்துட்டான்" என்ற பேச்சு கிளம்பும். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது மூன்று: விடியலில் செத்ததா, பெரிய மீன் முதலில் செத்ததா, விராலும் தேளியும் பிழைத்திருக்கின்றனவா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஆக்சிஜன் மேல்தான் என் சந்தேகம். சின்னது பெரியது பாராமல், தவளை, இறால் உட்படப் பட்டப்பகலில் செத்தால் விஷம் என்று யோசிப்பேன். பெரியது முதலில் சாவது நான் பலமுறை கண்ணால் கண்டது. அதற்குக் காரணம் இன்னது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அன்று காலையே தண்ணீரை எடுத்துச் சோதிக்காமல், மத்தியானம் போய் அளந்துவிட்டு "ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதித் தருவது வெறும் காகிதம். வெயில் வந்ததும் அளவு ஏறிவிடும். மிதக்கும் மீனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். காரணம் எதுவானாலும் அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும்.

நீங்கள் திரும்ப விட்ட மீன் மல்லாந்ததும் இதே கதைதான். முள்ளில் மாட்டித் திமிறிய மீன் நூறு மீட்டர் ஓட்டம் ஓடியவன் மாதிரி; பட்ட கடனை அடைக்க நிறைய ஆக்சிஜன் வேண்டும், தண்ணீரில் அது இல்லை. அதன் மேல் காய்ந்த கையால் பிடித்து வழுவழுப்பைத் துடைத்து, போட்டோவுக்காக ஒரு நிமிடம் தூக்கிக் காட்டினால் முடிந்தது. சாயங்காலம் பிடித்தால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, தானாக நழுவுகிறவரை விடாதீர்கள். விடியலில் மாட்டியது என்றால் திரும்ப விடுவதில் அர்த்தம் இல்லை. சாக்கடை சேராத ஏரியாக இருந்தால் குழம்புக்கு எடுத்துப் போங்கள்.

ஏரியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. முழங்கைக் கணக்கு எவ்வளவு வந்தது, தண்ணீர் பச்சையா பழுப்பா, வாய் பிளந்து நின்றது எந்த மீன், எத்தனை மணிக்குக் கீழே போயிற்று, இந்த நான்கை மட்டும் பார்த்து எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கரையில் உட்காரலாம் என்பதுவரை சொல்லிப் பார்க்கிறேன்.